ஒரே ஒப்பந்தத்தில் கட்டிய தையல் கூடம்: ஏழாண்டு அனுபவம்

அவிநாசி வட்டாரத்தில் உள்ள எங்கள் பின்னலாடைத் தையல் கூடத்தை, வரைபடம் முதல் மின்பணி வரை அனைத்தையும் ஒரே நிறுவனத்திடம் ஒப்படைத்துக் கட்டினோம். அங்கே உற்பத்தியைத் தொடங்கி ஏழு ஆண்டுகள் ஆகின்றன.

2009-இல் கட்டிய பழைய கூடத்துக்கு ஆர்க்கிடெக்ட், ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர், மேஸ்திரி, மின் ஒப்பந்ததாரர் என நால்வரும் தனித்தனி. கான்கிரீட் இறுகிய பிறகு வந்த மின்பணியாளர்கள் குழாய் கொண்டுசெல்ல பீமைக் கொத்தினார்கள். படத்தில் வழி காட்டவில்லை என்றார் மேஸ்திரி. என்னிடம் கேட்கவில்லை என்றார் ஆர்க்கிடெக்ட். கம்பி வெளியே தெரிந்த அந்த பீமைச் சரிசெய்த செலவு எங்கள் தலையில் விழுந்தது.

புதிய கூடத்தில் அந்த அலைச்சல் இல்லை. 2019 ஐப்பசி மழையில், மழைநீர்க் குழாய் தளத்தைத் துளைத்து இறங்கும் இடத்தில் ஒழுகி, கீழே அடுக்கியிருந்த துணி ரோல்கள் நனைந்தன. போனில் சொன்ன மறுநாளே ஆட்கள் வந்துவிட்டார்கள். படத்தின் பிழையா, வேலையின் பிழையா என்ற வாக்குவாதத்துக்கே இடமில்லை; இரண்டும் அவர்களுடையவை.

தரையில்தான் ஏமாந்தோம். ஒப்பந்தத்தில் 'தொழிற்கூடத் தரை' என்ற இரண்டே சொற்கள் இருந்தன. விளக்கம் கேட்டதற்கு, "அதெல்லாம் பாத்துச் செஞ்சுக்கலாமுங்க" என்றார்கள். வாய்ச்சொல்லை நம்பித் தொழில் செய்யும் ஊர் என்பதால் நாங்களும் விட்டுவிட்டோம். துணி வண்டிகள் ஓடும் பாதையில் இரண்டாம் ஆண்டே வெடிப்பு விட்டது. மொத்தத் தொகைக்கு எடுத்தவருக்கு, எழுதாமல் விட்டதெல்லாம் மிச்சம் பிடிக்கும் இடம். பொறியியல் ஆலோசகர்களின் பன்னாட்டுக் கூட்டமைப்பான ஃபிடிக் 1999-இல் வெளியிட்ட மாதிரி ஒப்பந்தங்களில், இவ்வகைப் பணிகளுக்கு வேலை கொடுப்பவரின் தேவைகளைத் தனி ஆவணமாகவே வைக்கச் சொல்லியிருப்பதன் பொருள் அப்போதுதான் விளங்கியது.

வரியிலும் அதே கதை. 2017 மே மாதம் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் 'வரிகள் உட்பட' என்று மட்டும் இருந்தது. ஜூலை 1-இல் ஜி.எஸ்.டி. வந்து கட்டுமான ஒப்பந்தப் பணிக்கு 18 சதவீதம் என்றானதும், கூடுதலை யார் ஏற்பது என்ற பேச்சு மூன்று மாதம் நீண்டது. கட்டடத்துக்குக் கட்டிய வரியை உள்ளீட்டு வரவாக (நாங்கள் செலுத்த வேண்டிய ஜி.எஸ்.டி.யில் கழித்துக்கொள்ளும் தொகையாக) எடுக்கச் சட்டத்தின் 17(5) பிரிவு விடாததால், அது எங்களுக்குத் திரும்பும் பணமும் அன்று. பாதிப் பாதியாக முடித்துக்கொண்டோம்.

நாங்கள் உருப்படியாகச் செய்தது ஒன்று: ஓய்வுபெற்ற பொதுப்பணித்துறைப் பொறியாளர் ஒருவரை எங்கள் சம்பளத்தில் அமர்த்தியது. வரைபவரும் கட்டுபவரும் ஒருவரே என்றானபின், தடுத்துக் கேட்கும் ஆள் நம்முடையவராக இருந்தே தீர வேண்டும். வலிமைச் சோதனைக்காக வார்த்த 15 சென்டிமீட்டர் கான்கிரீட் கட்டிகளில் தேதியைத் தம் கையாலேயே எழுதி, 28-ஆம் நாள் சோதனைக்கு அவரே எடுத்துச் சென்றார். ஒரு தவணையில் வார்த்த தூண் கான்கிரீட் எம்25 வலிமையை (சதுர மில்லிமீட்டருக்கு 25 நியூட்டன்) எட்டாதபோது வேலையை நிறுத்தி, தூணிலிருந்தே கோர் எனும் உருளைத் துண்டைத் துளைத்தெடுத்துச் சோதித்த பிறகே தொடரவிட்டார்.

அடுத்த கூடத்தையும் இதே முறையில்தான் கட்டப்போகிறோம். விலை கேட்பதற்கு முன்பே தேவைகளை எழுதத் தொடங்கிவிட்டோம். வண்டியின் எடை, சக்கரத்தின் அகலம், தரையின் கனம், வெடிப்பைத் தவிர்க்க ஜாயின்ட் வெட்டும் இடைவெளி எனத் தரைக்கு மட்டும் ஒரு முழுப் பக்கம் ஆகியிருக்கிறது.