சாந்தெமிலியோனில் வைன் வாங்கப் போகிறீர்களா? பில்லில் ஆண்டை எழுதி வாங்குங்கள்

பிரான்ஸில் போர்தோ பக்கம் சுற்றுலா போகிறவர்கள், அதிலும் சாந்தெமிலியோன் ஊரில் வைன் வாங்கும் எண்ணம் உள்ளவர்கள், பணத்தைக் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். அங்கே ஒரு கடையில் எங்களிடம் 6 போத்தலுக்கு 468 யூரோ வாங்கினார்கள். குடித்துப் பார்க்கக் கொடுத்தது ஒன்று, பெட்டியில் வைத்து அனுப்பியது வேறொன்று. அந்த வைனைப் பற்றிச் சொன்ன கதையும் பொய்.

அது என் ஒருவனுடைய பணம் அல்ல. பாரிஸில் ஓர் உணவகத்தின் சமையலறையில் வேலை செய்கிறேன். எங்கள் ஷெஃப் ஓய்வு பெறுகிறார் என்று, பாத்திரம் கழுவும் தம்பி முதல் எல்லாரும் காசு போட்டோம். ஷெஃப் பிறந்தது லிபூர்னில், சாந்தெமிலியோனுக்குப் பக்கத்து ஊர். அவர் மண்ணின் வைனையே கொடுப்போம் என்று முடிவாயிற்று. விடுமுறைக்கு நான் அந்தப் பக்கம் போவதாக இருந்ததால் வாங்கும் பொறுப்பு எனக்கு வந்தது.

ஊர் அழகுதான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சுண்ணாம்புக்கல் மேட்டில் கட்டிய பழைய ஊர், செங்குத்தான கல் பாவிய சந்துகள், சுற்றிலும் திராட்சைத் தோட்டங்கள். 1999 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. சந்துக்குச் சந்து வைன் கடை. வாசலிலேயே நின்று, இலவசமாகக் குடித்துப் பாருங்கள் என்று கூப்பிடுகிறார்கள். நான் நுழைந்த கடையில் இருந்தவர் எங்கிருந்து வருகிறீர்கள், யாருக்கு வாங்குகிறீர்கள், எவ்வளவு செலவழிக்க உத்தேசம் என்று அன்பாக விசாரித்தார். ஓய்வு பெறுபவருக்குப் பரிசு என்றதும் உள்ளே போய் ஒரு போத்தலை எடுத்து வந்தார். 2016 அறுவடை. "மெஸ்யூ, இது கிரான் க்ரூ. 1855 பட்டியலிலேயே தரம் பெற்ற ஷாதோ. எங்கள் ஊரில் எல்லாம் கபெர்னே சோவினியோன்தான்" என்றார். கிரான் க்ரூ என்பது லேபிளில் போடும் ஒரு சிறப்புப் பெயர், ஷாதோ என்றால் வைன் எடுக்கும் தோட்டப் பண்ணை, கபெர்னே சோவினியோன் ஒரு திராட்சை வகை. ஊற்றிக் கொடுத்த வைன் உண்மையிலேயே அருமை. கறுத்த பழ வாசனை, நாக்கில் துவர்ப்பு இருந்தும் உறுத்தாத மென்மை. போத்தலைக் கைபேசியில் படம் எடுத்து வேலையிடத்தில் எல்லாருக்கும் அனுப்பினேன். போத்தல் 78 யூரோ. பெட்டியைச் சுமந்துகொண்டு ரயிலில் போக வேண்டாம், கிடங்கிலிருந்து வீட்டுக்கே அனுப்பிவிடுகிறோம் என்றார். சரி என்று பணம் கட்டினேன்.

ஆணி அடித்து மூடிய மரப்பெட்டி வந்தது. பரிசுப் பொருள் என்பதால் பிரிக்காமல் அப்படியே விருந்தன்று கொண்டுபோனோம். ஷெஃப் கத்தியின் பின்பக்கத்தால் மூடியை நெம்பி, வைக்கோலை ஒதுக்கி, ஒரு போத்தலை எடுத்து ஏப்ரனில் துடைத்தார். லேபிளைப் பார்த்தார், திருப்பிப் பின் லேபிளையும் படித்தார். அப்புறம் எங்கள் எல்லாருக்கும் நன்றி சொல்லிப் போத்தலைத் திரும்ப வைத்தார். பாத்திரம் கழுவும் தம்பிதான் என் காதருகே வந்து, "அண்ணா, நீங்கள் அனுப்பின படத்தில் 2016 என்றல்லவா இருந்தது?" என்று கேட்டான். பெட்டியில் இருந்த ஆறும் 2013.

போர்தோவில் இந்த இரண்டு ஆண்டுகளுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். 2013-இல் வசந்த காலம் குளிரும் மழையுமாகப் போனது. பூக்கும் நேரத்தில் பூ உதிர்ந்தது, அதில் மெர்லோ திராட்சைக்குத்தான் அதிக அடி. அறுவடை சமயத்தில் ஈரத்தால் அழுகல் பரவ, முழுதாகப் பழுக்கும் முன்பே பறிக்க வேண்டிய நிலை பலருக்கு. 2016-இல் கோடை நீண்டு காய்ந்தது, பழம் நிதானமாக முற்றியது. ஆண்டைத் தவிர லேபிள் ஒன்றாகவே இருக்கும், உள்ளே இருப்பது வேறு. லிபூர்னில் பிறந்தவருக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எங்கள் மனம் நோகக் கூடாது என்று அவர் வாய் திறக்கவில்லை. அதை நினைத்தால்தான் எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

அடுத்த நாள் அவரிடமே போய், கடையில் சொன்னதை எல்லாம் ஒன்றுவிடாமல் சொல்லிக் கேட்டேன். ஒவ்வொன்றாக உடைத்துக் காட்டினார்.

1855 பட்டியல் என்பது மூன்றாம் நெப்போலியன் காலத்தில், பாரிஸ் உலகக் கண்காட்சிக்காகப் போர்தோ தரகர்கள் அன்றைய சந்தை விலையை வைத்துப் போட்டது. சிவப்பு வைனில் மெடோக் பகுதி ஷாதோக்களும், கிராவ் பகுதியிலிருந்து ஓ-பிரியோன் ஒன்றும் மட்டுமே அதில் உண்டு. இனிப்பு வெள்ளை வைனுக்கு சோதெர்ன், பர்சாக். 1973-இல் மூத்தோன் என்ற ஷாதோ இரண்டாம் தரத்திலிருந்து முதல் தரத்துக்கு ஏறியதுதான் அதற்குப் பிறகு நடந்த ஒரே பெரிய மாற்றம். சாந்தெமிலியோனிலிருந்து ஒரு ஷாதோகூட அந்தப் பட்டியலில் கிடையாது. ஆக, சாந்தெமிலியோன் போத்தலைக் காட்டி யாராவது 1855 என்று சொன்னால் அந்த இடத்திலேயே வெளியே வந்துவிடலாம்.

சாந்தெமிலியோனுக்குத் தனித் தரப்பட்டியல் 1955-இல் வந்தது. பத்து ஆண்டுக்கு ஒருமுறை திருத்த வேண்டும் என்பது விதி. 2022 பட்டியலில் 85 ஷாதோக்கள்: கிரான் க்ரூ க்ளாஸே 71, அதற்கு மேலே பிரமியே கிரான் க்ரூ க்ளாஸே 14. அந்த 14-இல் பவி, ஃபிஜாக் இரண்டுக்கு மட்டும் 'ஏ' தரம். ஓசோன், ஷெவால் பிளான், ஆன்ஜெலூஸ் மூன்றும் தாங்களாகவே விலகிக்கொண்டன. அதனால் பட்டியலில் இல்லாததெல்லாம் மட்டம் என்று நினைக்க வேண்டாம். பக்கத்துப் பொமரோலில் பெத்ரூஸ் என்ற உலகப் புகழ் பெற்ற வைன் விளைகிறது, அந்த ஊருக்குப் பட்டியலே கிடையாது.

பலரை விழ வைக்கும் இடம் இதுதான். லேபிளில் வெறுமனே 'சாந்தெமிலியோன் கிரான் க்ரூ' என்று இருந்தால் அது தரப்பட்டியல் அல்ல. அது ஓர் அப்பெலாசியோன், அதாவது எந்தப் பகுதியில் எந்த விதிப்படி எடுத்த வைன் என்று காட்டும் பெயர், அவ்வளவுதான். விளைச்சலைக் குறைவாக வைத்து, கூடுதல் காலம் முதிரவிட்டு எடுக்க வேண்டும் என்பது போன்ற விதிகள் உண்டு. நூற்றுக்கணக்கான ஷாதோக்கள் அதைப் போட்டுக்கொள்கின்றன. நல்ல வைன்களும் அதில் நிறைய இருக்கின்றன. ஆனால் பட்டியலில் இடம் பெற்றதென்றால் 'க்ளாஸே' என்ற சொல் லேபிளிலேயே இருக்கும். பிரான்ஸின் இன்னொரு வைன் பகுதியான பூர்கோனில் கதை வேறு. அங்கே கிரான் க்ரூ என்பது 33 குறிப்பிட்ட நிலங்களுக்கு மட்டும், மொத்த உற்பத்தியில் சுமார் 1 சதவீதம். பூர்கோன் கிரான் க்ரூவின் மவுசை இங்கே ஒட்டவைத்து விலை சொல்வதுதான் அந்தக் கடைக்காரர் செய்த வேலை. எங்களுக்கு வந்த போத்தலின் ஷாதோ தன் இணையதளத்தில் அதே 2013-ஐ 24 யூரோவுக்கு விற்கிறது. லுசாக், மொந்தாஞ், புய்ஸ்கேன், சான்-ஜோர்ஜ் என்று முன்னால் ஒரு பெயர் சேர்ந்து வரும் சாந்தெமிலியோன்களும் உண்டு. அவை பக்கத்து ஊர்களின் வைன், விலையும் குறைவாக இருக்க வேண்டும்.

கபெர்னே சோவினியோன் கதையும் தவறு. களிமண்ணும் சுண்ணாம்பும் உள்ள அந்த மண்ணில் மெர்லோதான் முதலில், அடுத்தது கபெர்னே ஃபிரான். சரளை மண் உள்ள ஃபிஜாக் போன்ற சில தோட்டங்கள்தான் விதிவிலக்கு. எங்கள் போத்தலின் பின் லேபிளிலேயே மெர்லோ 85 சதவீதம் என்று அச்சிட்டிருக்கிறது.

கடைக்குத் தொலைபேசியில் கேட்டபோது, 2016 தீர்ந்துவிட்டது, அதற்கு இணையானதை அனுப்பினோம், பில்லில் ஆண்டு எதுவும் இல்லையே என்றார்கள். பில்லை எடுத்துப் பார்த்தால் ஊர்ப் பெயரின் சுருக்கமும், 'ஜி.சி. சிவப்பு, 6 போத்தல்' என்பதும்தான் (ஜி.சி. என்றால் கிரான் க்ரூ). ஷாதோவின் பெயர்கூட இல்லை. இது கைதவறி விடுபட்டது என்று நான் நம்பத் தயாராக இல்லை. இரண்டாம் முறை கூப்பிட்டபோது, அடுத்த தடவை வாங்கினால் பத்து சதவீதம் தள்ளுபடி தருகிறோம் என்றார்கள்.

சட்டத்தில் வழி இருக்கிறது. 14 நாளில் திருப்பிக் கொடுக்கும் உரிமை இணையத்திலோ தொலைபேசியிலோ வாங்கினாலும், வீட்டு வாசலில் வந்து விற்றாலும்தான். கடையில் நேரே வாங்கினால் கிடையாது, கண்காட்சி ஸ்டாலில் வாங்கினாலும் கிடையாது. ஆனால் காட்டிய மாதிரியோடு கொடுத்த பொருள் ஒத்துப்போக வேண்டும் என்பது பிரான்ஸில் சட்டபூர்வ உத்தரவாதம், அது இரண்டு ஆண்டுக்கு உண்டு. பொய் சொல்லி விற்பது தனிக் குற்றம். நான் எடுத்த படத்தையும் பில்லின் நகலையும் சேர்த்து ரெக்கமாந்தே (பதிவுத் தபால்) கடிதம் அனுப்பினேன், சிக்னல்கோன்சோ என்ற அரசு நுகர்வோர் புகார் தளத்தில் புகாரும் பதிந்தேன். கடிதத்துக்குப் பதில் வராததால் கடைக்கும் வாங்கியவருக்கும் இடையே சமரசம் பேசும் நுகர்வோர் மீடியேட்டருக்கு எழுதியிருக்கிறேன். ஒவ்வொரு கடையும் ஒரு மீடியேட்டரின் பெயரைச் சொல்லியாக வேண்டும், நமக்குச் செலவில்லை. கடைக்கு முதலில் எழுத்தில் புகார் கொடுத்திருந்தால்தான் எடுத்துக்கொள்வார்கள், தொலைபேசிப் பேச்சு கணக்கில் வராது.

வாங்குகிறவர்கள் ஷாதோ பெயர், அப்பெலாசியோன், அறுவடை ஆண்டு மூன்றையும் பில்லில் எழுதச் சொல்லுங்கள். தயங்கினால் அடுத்த கடைக்குப் போங்கள், அந்த ஊரில் கடைக்குப் பஞ்சமில்லை. குடித்துப் பார்த்த போத்தலின் முன், பின் லேபிள்களைப் படம் எடுங்கள். வீட்டுக்கு அனுப்பச் சொன்னால், வந்த அன்றே பெட்டியைப் பிரித்துப் பாருங்கள், பரிசாக இருந்தாலும் சரி. முடிந்தால் ஷாதோவுக்கே நேரில் போய் வாங்குங்கள்.

புகார் நடந்துகொண்டிருப்பதால் கடையின் பெயரை இப்போது எழுதவில்லை. அந்த ஊரில் உங்களுக்கும் ஆண்டு மாறி வந்திருந்தால் பில்லையும் போத்தலையும் தூக்கி எறியாமல் வைத்திருங்கள், நீங்களும் சிக்னல்கோன்சோவில் பதியுங்கள்.