உறுதியா, பெர்மிட்டா?

இலங்கையின் கிழக்கில், மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையிலும் அம்பாறைக் குடியேற்றங்களிலும் "வயலுக்கு உறுதி இருக்கு" என்று சொல்லிக் காட்டும் தாள் பல நேரம் பெர்மிட்தான்.

உறுதி என்பது நொத்தாரிசு (பத்திரம் எழுதி உறுதிப்படுத்தும் சட்ட அலுவலர்) முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு ஒப்பமிட்ட பத்திரம். 1840 முதல் உள்ள சட்டம் இது. தனியார் காணியை விற்கவும் ஈடு வைக்கவும் அது வேண்டும். ஒப்பமிட்டதும் காணிப் பதிவகத்தில் பதிந்துவிடுங்கள். தாமதித்தால், அதே காணியைப் பிறகு வாங்கியவர் முந்திப் பதிந்து முன்னுரிமை பெறலாம். வாங்குபவர் பதிவேட்டில் பழைய ஈடு கிடக்கிறதா என்றும் தேடிப் பார்க்க வேண்டும்.

பெர்மிட், அதாவது காணி அனுமதிப்பத்திரம், 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டப்படி அரச காணியில் குடியிருந்து பயிர்செய்யத் தருவது. அதை விற்க முடியாது. வெள்ளைத்தாளில் எழுதி முத்திரை ஒட்டிக் காசு கைமாறினாலும் (இது தாராளமாக நடக்கிறது) வாங்கியவருக்கு உரிமை வராது. பெர்மிட்காரர் தனக்குப் பின் காணியைப் பெறும் பின்னுரித்தாளரை, தான் உயிரோடு இருக்கும்போதே பிரதேச செயலகத்தில் பதிய வேண்டும். இறந்தபின் வீட்டில் கிடைக்கும் கடிதம் உதவாது. பிள்ளைகளுக்குள் வழக்குத் தொடங்குவதும் பெரும்பாலும் இதனால்தான்.

பெர்மிட்டுக்குப் பிறகு அரசு அந்தக் காணிக்குத் தரும் அளிப்புப் பத்திரத்தையும் உறுதி என்கிறார்கள். அந்தக் காணியை விற்பதற்கும் பிரதேச செயலாளரின் எழுத்துமூலச் சம்மதம் முதலில் வேண்டும்.