ஓட்டை பெரிதாகிப்போன பெடல் பெட்டியும் கழனிவாசல் லேத் பட்டறையும்

காரைக்குடி கழனிவாசல் பக்கம் ஒரு லேத் பட்டறை இருக்கிறது. போர்டு கிடையாது. தகரக் கூரை, ஒரு லேத், ஒரு பில்லர் டிரில், வாசலில் பிரித்துப் போட்ட போர்வெல் மோட்டார்கள் நாலைந்து. கிட்டார் பெடல், அதாவது காலால் மிதித்துக் கிட்டாரின் ஒலியை மாற்றும் சின்னப் பெட்டி, செய்கிறவர்களுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்கலாம். நான் பாழாக்கிய பெட்டியைப் பிழைக்க வைத்தது அந்த இடம்தான்.

125பி அளவு வார்ப்பு அலுமினியப் பெட்டி அது. உள்ளே போக வேண்டியது இரண்டு டிரான்சிஸ்டர் ஃபஸ், ஒலியை முரடாக்கும் சர்க்யூட். 1966-ல் ஆர்பிட்டர் கம்பெனி கொண்டுவந்த ஃபஸ் ஃபேஸ் பெடலின் வழியில், பிசி108 டிரான்சிஸ்டர் போட்டது. சர்க்யூட் முதல் தடவையே பாடிவிட்டது. சொதப்பியது ஓட்டை போடும்போது. கால் சுவிட்சுக்கு 12 மில்லிமீட்டர் ஓட்டை வேண்டும், வால்யூம் கன்ட்ரோலுக்கு 8 போதும். என்னிடம் இருந்தது 4, 6, 8, 10, 12 என்று படிப்படியாக ஏறும் ஸ்டெப் டிரில். கோட்டையூர் வீட்டு முகப்பில் உட்கார்ந்து சுவிட்ச் ஓட்டையை முடித்த கையோடு அடுத்ததை ஆரம்பித்தேன். உள்ளேயிருந்து அப்பத்தா, “ஆத்தங்குடிக் கல்லு பூரா சுருளா கொட்டிக் கிடக்கு, யாருப்பா கூட்டுறது?” என்றார். பதில் சொல்லித் திரும்புவதற்குள் டிரில் 8-ஐத் தாண்டி 12-ல் போய் உட்கார்ந்துவிட்டது. கன்ட்ரோலை மாட்டினால் நட்டோடு சேர்ந்து உள்ளே விழுகிறது.

முதலில் எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். எபாக்ஸி மக்கைப் பிசைந்து அடைத்து, ஒரு நாள் காயவிட்டு, மறுபடி ஓட்டை போட்டேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. நட்டை இறுக்கியதும் மக்கு வளையம் வெடித்தது. வெடிக்காமல் இருந்தாலும் பிரச்சினைதான்: மக்கில் மின்சாரம் பாயாது. கிட்டார் வயர் செருகும் ஜாக் வழியாகப் பெட்டிக்கு வரும் எர்த், பெட்டியைத் தொட்டுக்கொண்டிருக்கும் கன்ட்ரோலின் உலோக உடம்புக்கும் போக வேண்டும். ஃபஸ் மாதிரி சிக்னலைப் பல மடங்கு பெருக்கும் சர்க்யூட்டில் அது விட்டுப்போனால், அலுமினியக் குமிழில் விரல் வைத்ததும் உம்ம் என்று இரைச்சல் வருகிறது. பெயின்ட் பொடியைச் சுட்டு ஒட்டவைக்கும் பவுடர் கோட்டிங் அடுப்பின் 180, 200 டிகிரி சூட்டுக்கும் சாதாரண மக்கை நம்பி அனுப்ப முடியாது.

நண்பன் ஒருவன், முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடையில் பித்தளைத் தகடு வாங்கி மொத்தமாக மூடிவிடச் சொன்னான். அழகான யோசனை. ஆனால் தகட்டின் கனம் கன்ட்ரோலின் மரையைத் தின்றுவிடும், விலையோ புதுப் பெட்டியைவிட அதிகம்.

சரி என்று லேத் பட்டறைக்குப் போனேன். பட்டறை அண்ணன் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “மோட்டார் ஸ்டார்ட்டரா தம்பி?” என்றார். கிட்டார் சத்தத்தைக் கரகரப்பாக்கும் பெட்டி என்றேன். “நல்லா இருக்கிறத கெடுக்கவா இவ்வளவு செலவு?”

அவர் செய்ததைக் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன். ஸ்டெப் டிரில் போட்ட ஓட்டை சரியான வட்டமாக இல்லை என்று முதலில் ரீமர் விட்டு நேராக்கினார். அப்புறம் அலுமினிய ராடில் ஒரு புஷ், அதாவது ஓட்டைக்குள் இறங்கி உட்காரும் வளையம், கடைந்தார். உள்பக்கம் ஒரு மில்லி கனத்தில் அகலமான காலர். பெட்டிச் சுவரின் கனத்துக்குச் சரியாகக் கழுத்து. நடுவில் கன்ட்ரோலுக்கு ஓட்டை. கழுத்தை ஓட்டையைவிட ஒரு துளி பெரிதாக விட்டு, மரக்கட்டை வைத்துத் தட்டி இறக்கினார். வெளியே தடவிப் பார்த்தால் நகத்துக்கு மட்டும்தான் கோடு தெரிகிறது. “நட்டு புஷ்ஷுல மட்டும் உக்காந்தா நாளைக்குக் கழண்டுரும், மேல பெரிய வாஷர் போடு” என்று சொல்லி 16 மில்லி வாஷர் ஒன்றையும் தேடிக் கொடுத்தார். குமிழ் 20 மில்லி. வாஷரும் கோடும் அதற்கு அடியில் மறைந்துவிட்டன.

புஷ்ஷுக்கு 120 ரூபாய். போடாமல் விட்டிருந்த எல்.இ.டி., ஜாக் ஓட்டைகளையும் அவரிடமே கொடுத்தேன், அதற்கு 50. சென்டர் பஞ்ச், 3 மில்லியில் முதல் ஓட்டை, அலுமினியம் டிரில்லில் ஒட்டாமலிருக்கச் சொட்டுச் சொட்டாக மண்ணெண்ணெய். நான் ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போராடும் வேலை, பத்து நிமிடத்தில் முடிந்தது.

குறையும் உண்டு. “நாளைக்கு வா” என்றவரிடம் நாலாவது நாள்தான் வாங்க முடிந்தது. வைஸில் துணி சுற்றாமல் பிடித்ததால் பக்கவாட்டில் பல் பதிந்திருந்தது. 220, 400 உப்புத்தாள் போட்டுத் தேய்த்து எடுத்தேன். பெயின்ட் அடித்த பெட்டியாக இருந்தால் அழுதிருப்பேன், அதனால் பெயின்டுக்கு முன்பே கொண்டுபோங்கள். ஓட்டை ஓரிரு மில்லி நகர்ந்திருந்தால் மட்டும் இவ்வளவு தூரம் போக வேண்டாம். உருண்டை அரத்தால் இழுத்துவிட்டு அகல வாஷர் போட்டாலே போதும்.

போகும்போது அளவை எழுதிக்கொண்டு போகாதீர்கள். கன்ட்ரோல், நட், வாஷர், குமிழ் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கையில் கொடுங்கள். காகிதத்தை அவர் பார்ப்பதே இல்லை.