நிக்கான் டி5600, 35 மி.மீ. லென்ஸ்: சில வருடப் பழக்கத்துக்குப் பிறகு

முதல் டிஎஸ்எல்ஆர் (உள்ளே கண்ணாடி வைத்த, லென்ஸ் மாற்றக்கூடிய கேமரா) வாங்கப்போகிறவர்கள் என்னிடம் கேட்பதெல்லாம் பாடியை, அதாவது லென்ஸ் இல்லாத கேமராவைப் பற்றித்தான். நிக்கானா கேனனா, எத்தனை மெகாபிக்சல், 4கே வீடியோ உண்டா. லென்ஸைப் பற்றி யாரும் கேட்பதில்லை. பெட்டியோடு வருவது வரட்டும் என்று விட்டுவிடுகிறார்கள். நான் 2018ல் வாங்கிய நிக்கான் டி5600 இன்னும் என் கையில்தான் இருக்கிறது. ஆனால் என் படங்கள் கண்ணுக்குத் தெரியும்படி மாறியது 35 மி.மீ. எஃப்/1.8 லென்ஸை மாட்டிய பிறகுதான். (மி.மீ. எண் கூடினால் காட்சி நெருங்கி வரும்; எஃப் எண் குறைந்தால் லென்ஸ் அதிகம் திறந்து ஒளியைக் கூட விடும்.)

பாடியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 24.2 மெகாபிக்சல், ஏபிஎஸ்-சி சென்சார் (35 மி.மீ. ஃபிலிமைவிடச் சிறியது), 39 ஃபோகஸ் புள்ளிகள், எந்தப் பக்கமும் திருப்பக்கூடிய தொடுதிரை. பேட்டரி, கார்டு சேர்த்து அரை கிலோவுக்கும் குறைவு, ஒரு நாள் முழுக்கக் கழுத்தில் தொங்கினாலும் சுமையில்லை. ஒரு சார்ஜில் 970 படங்கள் என்பது நிறுவனத்தின் கணக்கு. திருமண வீட்டில் காலையில் இருந்து மாலை வரை எடுத்தும் எனக்குப் பேட்டரி தீர்ந்ததில்லை. குறை என்றால், திருகும் டயல் ஒன்றே ஒன்றுதான். மேனுவல் மோடில் அபர்ச்சரை (லென்ஸ் திறப்பின் அளவை) மாற்ற இன்னொரு பொத்தானை அழுத்திக்கொண்டே திருப்ப வேண்டும். கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் படத்தில் 95 சதவீதம்தான் காட்டும் என்பதால் ஓரத்தில் நாம் பார்க்காத கை, கம்பம் ஏதாவது படத்தில் வந்து நிற்கும். 4கே வீடியோ கிடையாது.

இந்த வரிசைப் பாடி வாங்குகிறவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. நிக்கானின் டி3000, டி5000 வரிசைகளில் பாடிக்குள் ஃபோகஸ் மோட்டார் இல்லை. லென்ஸுக்குள் மோட்டார் இருந்தால்தான் ஆட்டோஃபோகஸ் நடக்கும். அதாவது பெயரில் ஏஎஃப்-எஸ் அல்லது ஏஎஃப்-பி என்று இருக்க வேண்டும். பழைய 50 மி.மீ. எஃப்/1.8டி லென்ஸ் செகண்ட்ஹாண்டில் மலிவாகக் கிடைக்கும், படமும் நன்றாக வரும். ஆனால் டி5600ல் அதைக் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். ஓடுகிற குழந்தையை அப்படி எடுப்பது பெரும்பாடு. எதிர்ப்பக்கச் சிக்கலும் உண்டு: ஏஎஃப்-பி லென்ஸ்கள் டி90, டி3100 போன்ற பழைய பாடிகளில் ஃபோகஸ் ஆகாது. கேனனில் இந்தக் குழப்பமே இல்லை. 1987ல் இஎஃப் மவுண்ட் (லென்ஸ் மாட்டும் அமைப்பு) வந்தபோதே மோட்டாரை லென்ஸுக்குள் வைத்துவிட்டார்கள்.

கேமராவோடு எனக்கு வந்தவை 18-55 மி.மீ., 70-300 மி.மீ. என்ற இரண்டு ஏஎஃப்-பி ஜூம் லென்ஸ்கள். 18-55ஐ மட்டமாகப் பேசுகிறவர்கள் நிறைய பேர். என் அனுபவம் அப்படியில்லை. வெளிச்சம் இருக்கும் இடத்தில் அருமையான லென்ஸ் அது. எஃப்/8ல் வைத்து எடுத்த தெருக்காட்சிகளைப் பெரிதாக அச்சிட்டிருக்கிறேன், ஒரு குறையும் தெரியவில்லை. கால் மீட்டர் நெருக்கத்தில் ஃபோகஸ் ஆவதால் பூ, கோலம், தாம்பாளத்தில் இருக்கும் பொருள் எல்லாவற்றுக்கும் கைகொடுக்கும்.

அது திணறுவது வீட்டுக்குள். ட்யூப்லைட் வெளிச்சத்தில் 35 மி.மீ. அளவுக்கு ஜூம் செய்தால் அபர்ச்சர் எஃப்/4.5க்கு மேல் திறக்காது. அதே இடத்தில் எஃப்/1.8 லென்ஸ் ஆறு மடங்குக்கு மேல் ஒளியை உள்ளே விடும். ஒரே ஷட்டர் வேகத்தில், முன்னதில் ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளியுணர்வு) 6400 வேண்டிய இடத்தில் பின்னதில் 1000 போதும். முதல் படத்தில் கறுப்புத் தலைமுடி புள்ளி புள்ளியாக நொய்ந்துபோயிருக்கும். இரண்டாவதில் ஒவ்வொரு இழையும் தெரியும். கிட் லென்ஸில், அதாவது கேமராவோடு வந்த 18-55ல், இருக்கும் விஆர் என்ற நடுக்கத் தடுப்பு இதைச் சரிசெய்யாதா என்று கேட்பார்கள். விஆர் நம் கை நடுக்கத்தைத்தான் அடக்கும். எதிரில் இருப்பவர் கையை ஆட்டிப் பேசினால் கை மங்கலாகத்தான் பதியும், அதற்கு ஷட்டர் வேகம் கூட வேண்டும்.

சரி, 35ஆ 50ஆ? பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பையன் கேட்டபோது நான் சொன்னது இதுதான்: "தம்பி, இப்போதைக்கு எதையும் வாங்காதே. கிட் லென்ஸை 50ல் வைத்து ஜூம் வளையத்தில் டேப் ஒட்டு, ஒரு வாரம் வீட்டில் எடு. அடுத்த வாரம் 35ல் ஒட்டு." இரண்டு வாரம் கழித்து வந்து, "அண்ணா, 50ல் எங்க ஹாலே பத்தலை" என்றான். கணக்குப் போட்டாலும் அதுதான் வரும். இந்த சென்சாரில் பத்தடி தள்ளி நின்று கேமராவைச் செங்குத்தாகப் பிடித்தால், 35ல் சுமார் இரண்டு மீட்டர் உயரம் அடங்கும், நிற்கிற ஆள் தலை முதல் கால் வரை வந்துவிடுவார். 50ல் ஒன்றரை மீட்டருக்கும் கொஞ்சம் குறைவு, முழங்காலுக்குக் கீழே எங்கேயோ வெட்டிவிடும். நம் வீடுகளில் பத்துக்குப் பன்னிரண்டு அறைதான் அதிகம். சுவரில் முதுகு முட்டிய பிறகு பின்னால் போக வழி ஏது?

50 கூடாது என்று இல்லை. முகத்தை மட்டும் எடுப்பவர்களுக்கு, மேடையில் நடனம் எடுப்பவர்களுக்கு அதுதான் பொருத்தம். சென்சார் சிறியது என்பதால் இந்த பாடியில் அது ஃபிலிம் கேமராவின் 75 மி.மீ. லென்ஸ் போலப் பார்க்கும், மூக்கும் நெற்றியும் புடைக்காமல் முகம் இயல்பாக வரும். நான் அதிகம் எடுப்பது வீட்டு மனிதர்களை, அடுப்படியை, பேசிக்கொண்டிருக்கும் கூட்டத்தை. ஏற்கெனவே எடுத்த படங்களின் விவரங்களைக் கணினியில் திறந்து பார்த்தால், எந்த ஃபோகல் லெங்த்தில் (மி.மீ. எண்ணில்) அடிக்கடி நிற்கிறோம் என்பது அங்கேயே எழுதியிருக்கும். என்னுடையவை 30க்கும் 40க்கும் நடுவே குவிந்திருந்தன.

இந்த 35 மி.மீ. 200 கிராம் எடைதான், மாட்டியிருப்பதே தெரியாது. வெயில் மறைக்கும் ஹுட் பெட்டியிலேயே வருகிறது. எஃப்/1.8ல் கண்ணில் ஃபோகஸ் வைத்தால் காது கரைந்துவிடும், அதனால் இரண்டு பேரைச் சேர்த்து எடுக்கும்போது நான் எஃப்/2.8க்கு இறங்கிவிடுவேன். முழுக்கத் திறந்து வைத்தால் நகை, வெண்கல விளக்கு, பட்டுச் சரிகை போன்ற மின்னும் ஓரங்களில் ஊதாவும் பச்சையுமாகச் சாயை விழும். எஃப்/2.8ல் அது பெரும்பாலும் அடங்கிவிடுகிறது. ஃபில்டர் வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: 18-55க்கு 55, 35க்கு 52, 70-300க்கு 58 என மூன்றுக்கும் மூன்று அளவு. 58 மி.மீ. ஃபில்டர் ஒன்றும் அதைச் சிறிய லென்ஸ்களில் மாட்டும் வளையங்களும் வாங்கினால் செலவு மிச்சம்.

70-300ஐ நான் வேடந்தாங்கலுக்காகவே வைத்திருக்கிறேன். இந்த பாடியில் அது 450 மி.மீ. லென்ஸ் போலத் தூரத்தைப் பார்க்கும். கூடு கட்டும் சங்குவளை நாரைக்கும் கூழைக்கடாவுக்கும் தாராளமாகப் போதும், மீன்கொத்திக்குப் போதாது. 300ல் எஃப்/6.3க்கு மேல் திறக்காததால் விடிகாலையில் பறக்கும் பறவையை இதில் எடுக்க முயலவேண்டாம். வெயில் ஏறட்டும், ஷட்டர் வேகம் 1/1600 நொடி வைத்துப் பறப்பதை எடுங்கள். விஆரை அணைக்க இந்த லென்ஸில் பொத்தான் இல்லை, மெனுவுக்குள் போக வேண்டும். முக்காலியில் வைப்பவர்கள் அந்த மெனு எங்கே இருக்கிறது என்று முன்கூட்டியே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

சென்னை மாதிரி ஈரக்காற்று ஊரில் லென்ஸுக்கு முதல் எதிரி பூஞ்சை. கேமரா பையிலேயே மாதக்கணக்கில் பூட்டி வைப்பதுதான் அதற்கு நல்ல தீனி. காற்றுப் புகாத மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டியில் சிலிகா ஜெல்லோடு வைத்தால் போதும், நீல மணிகள் ரோஸ் நிறமானதும் சூடேற்றிக் காயவைத்துத் திரும்பப் போடலாம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வாரம் ஒருமுறையாவது எடுத்துப் பயன்படுத்திவிடுவேன். ஏசி அறையில் இருந்து வெளியே வந்ததும் கண்ணாடி பனித்துப்போகும்; பை மூடியபடியே கொஞ்ச நேரம் இருக்கட்டும், அப்புறம் திறவுங்கள். செகண்ட்ஹாண்ட் லென்ஸ் பார்க்கும்போது செல்போன் டார்ச்சை ஒரு பக்கம் அடித்து மறுபக்கம் பாருங்கள். சிலந்தி வலை போல நூல் நூலாகத் தெரிந்தால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம்.

இப்போது டிஎஸ்எல்ஆர் வாங்கலாமா என்ற கேள்வி நியாயமானது. 2020க்குப் பிறகு நிக்கானும் கேனனும் புதிய டிஎஸ்எல்ஆர் மாடல்களை அறிவிப்பதை விட்டுவிட்டு உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராக்கள் பக்கம் போய்விட்டன. ஆனால் அதனாலேயே செகண்ட்ஹாண்டில் நல்ல பாடிகளும் லென்ஸ்களும் மாணவர்கள் வாங்கும் விலைக்கு வந்திருக்கின்றன. என் 35ம் 70-300ம் எஃப்டிஇசட் அடாப்டர் வழியாக நிக்கானின் இசட் மிரர்லெஸ்களிலும் ஆட்டோஃபோகஸோடு வேலை செய்யும் என்பதால், நாளைக்குப் பாடி மாறினாலும் இவற்றை விற்க வேண்டியதில்லை.

எனக்கு இன்னும் தீராத குறை ஒன்று இருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலில் 200 அடிக்கு மேல் உயர்ந்து நிற்கும் விமானத்தை 18 மி.மீ.யில் அடக்க வெகுதூரம் பின்னால் வர வேண்டியிருக்கிறது. அருகில் நின்று கேமராவை அண்ணாந்து பிடித்தால் விமானம் பின்னால் சாய்ந்து விழுவதுபோல் வருகிறது. அதற்காக ஏஎஃப்-பி 10-20 லென்ஸ் ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறேன். பூஞ்சை இல்லாததாகக் கிடைத்தால் அடுத்த மாதமே வாங்கிவிடுவேன்.