முன்வாசலா, சந்து வாசலா?

போன வாசிப்பு தினத்தன்று பேச வந்த தமிழ் வாத்தியாரை வீல்சேரோடு நாலு பேராகத் தூக்கித்தான் எங்கள் வாயனசாலைக்குள், அதாவது ஊர் நூலகத்துக்குள், கொண்டுபோனோம். “நாலு பேர் தூக்குற நாள் இன்னும் வரலையேப்பா, அதுக்குள்ள ஒத்திகையா?” என்று சிரித்தார். நாங்களும் சிரித்து வைத்தோம். வீல்சேர் தானாக உள்ளே வர என்ன வழி என்று ராத்திரியே கமிட்டியில் பேச்சு தொடங்கிவிட்டது.

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துப் பழைய ஓட்டுக் கட்டடம். வெட்டுக்கல் சுவர், முன்னால் திண்ணை, ஏற நாலு படி. சம்பளத்துக்கு ஆள் கிடையாது. சாவி யார் கையில் இருக்கிறதோ அவர்தான் அன்றைக்கு லைப்ரேரியன். வந்த யோசனைகள் மூன்று: முன்வாசலில் நிரந்தர ராம்ப் (சரிவுப் பாதை), மடக்கி வைக்கிற அலுமினிய ராம்ப், சந்துப் பக்கக் கதவு.

எல்லாருக்கும் பிடித்தது முதல் யோசனைதான். வாசலில் ராம்ப் இருந்தால் பார்க்கவே கௌரவம். ஆனால் டேப் பிடித்துப் பார்த்தால் கதை வேறு. மத்திய அரசின் 2021 வழிகாட்டுதல்படி சரிவு 1:12, அதாவது ஓர் அங்குலம் ஏற ஓரடி நீளம் வேண்டும். எங்கள் படிகள் ஒவ்வொன்றும் 7 அங்குலம். மொத்தம் 28 அங்குலம், ஆக 28 அடி ராம்ப். படியிலிருந்து ரோட்டுக்கு 16 அடிதான் இருக்கிறது. சுவரை ஒட்டி மடித்துக் கட்டலாம். 14 அடி போய், வண்டி திரும்ப ஐந்தடி சமதளம் விட்டு, மறுபடி 14 அடி. அகலம் நாலடி நாலடியாக இரண்டு வரிசை. கட்டி முடித்தால் திண்ணை கண்ணுக்கே தெரியாது. சாயங்காலம் அதில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறவர்கள் எங்கே போவார்கள்? இடம் இல்லை என்று சரிவைச் செங்குத்தாக்கிவிடலாம் என்றார் ஒருவர். அப்படிக் கட்டிய ராம்ப் ஊரில் எத்தனையோ உண்டு. பைக் ஏற்றத்தான் பயன்படுகிறது.

அலுமினிய ராம்பில் செலவு குறைவு, கட்டடத்தில் கை வைக்க வேண்டாம். ஒற்றைப் படி உள்ள இடத்துக்கு நல்ல சாமான்தான். எங்களுக்கு ஆகாது. ஆறடிப் பலகையில் 28 அங்குலம் ஏறினால் அதற்குப் பெயர் ராம்ப் இல்லை, சறுக்குமரம். கேரள நூலக இயக்கத்தை வளர்த்த பி.என். பணிக்கர் காலமான ஜூன் 19-ஐத்தான் கேரளத்தில் வாசிப்பு தினமாகக் கொண்டாடுகிறோம். மழைக்காலம், பலகை நனைந்தே கிடக்கும். அதோடு, பலகை பீரோவுக்குள் இருக்கும், பீரோ சாவி வேறொருவரிடம் இருக்கும். வருகிறவர் முந்தின நாளே போன் பண்ணிச் சொல்ல வேண்டும். மற்ற யாரும் அப்படிச் சொல்லிவிட்டு வருவதில்லையே.

மூன்றாவது, சந்துக் கதவு. சந்து மேடேறிப் போவதால் அங்கே உயரம் 7 அங்குலம்தான். ஏழடி ராம்பும் கதவுக்கு முன்னால் ஐந்தடி சமதளமும் போதும். டைல்ஸ் ஒட்டாமல், சிமென்ட் ஈரமாக இருக்கும்போதே தென்னந்துடைப்பத்தால் குறுக்கே கீறிவிட்டால் வழுக்காது. குறைகளும் உண்டு. கதவு அகலம் 28 அங்குலம். வீல்சேர் நுழையும், ஆனால் சக்கரம் தள்ளுகிறவர் விரல் நிலையில் உரசும். 36 அங்குலமாவது திறப்பு வேண்டும்; சுவரை உடைத்து மேலே சுவரைத் தாங்க லிண்டல் வைத்துப் புது நிலை போட வேண்டும். கீழே மூன்று அங்குலம் துருத்தி நிற்கிற நிலைப்படியையும் எடுக்க வேண்டும். முன்வாசல் நிலைப்படி என்றால் மஞ்சள் குங்குமம் வைத்த கட்டை, யாரும் தொட விடமாட்டார்கள். சந்துக் கதவுக்கு அந்தப் பாக்கியம் இல்லை.

எனக்கு உறுத்தியது வேறு. உடைந்த நாற்காலி, கட்டுக் கட்டாகப் பழைய வாரப் பத்திரிகை எல்லாம் கிடக்கிற அறை வழியாக விருந்தாளியை வரச் சொல்வதா? அதனால் சந்து வாசலுக்கு ஒரு நிபந்தனையோடு கை தூக்கினேன்: பேப்பர் மேசையும் புத்தகப் பதிவு நோட்டும் அந்த அறைக்கு வர வேண்டும், எல்லாரும் அந்த வழியாகவே வர வேண்டும். பெயர்ப் பலகையும் அங்கேதான். கொஞ்சம் முணுமுணுத்தார்கள், அப்புறம் சரி என்றார்கள்.

அதற்காக முன்படியை விட்டுவிடவும் கூடாது. முட்டி வலிக்காரர்கள் சிலருக்குச் சரிவில் நடப்பதைவிடக் கம்பியைப் பிடித்துப் படி ஏறுவதே சுலபம். இரண்டு பக்கமும் இரும்புக் குழாய்க் கைப்பிடி, படி விளிம்பில் மஞ்சள் பெயின்ட். வெல்டிங் பட்டறையில் ஒரு நாள் வேலை. மூன்று யோசனைகளிலும் சேராத இதுதான் நிறையப் பேருக்கு உதவப்போகிறது.

கக்கூஸைப் பற்றி அன்று யாரும் வாய் திறக்கவில்லை. வெளியே தனியாக, ஒரு படி ஏறி, இரண்டடிக் கதவு, அதுவும் உள்பக்கம் திறப்பது. வாத்தியார் மத்தியானத்திலிருந்து தண்ணீரே குடிக்கவில்லை என்று அவர் மகள் கிளம்பும்போதுதான் சொன்னாள். ஆசாரி வியாழக்கிழமை வருகிறார். முதலில் அந்தக் கதவைத்தான் அளக்கச் சொல்லியிருக்கிறேன்.