பாசி கோலெம் வாங்கப் போறீங்களா? இத படிச்சிட்டு வாங்குங்க

கோலெம்னா யூதக் கதைகள்ல மந்திரத்தால உயிர் வந்து சொன்ன வேலைய செய்யுற பொம்மை. மண் கோலெம் கதை நெறைய பேருக்கு தெரிஞ்சிருக்கும், 16ஆம் நூற்றாண்டுல பிராக் நகரத்துல யூத மதகுரு ரபி லோவ் களிமண்ண பிசைஞ்சு செஞ்சாருன்னு சொல்லுவாங்களே அதுதான், வாய்ல கடவுள் பேர் எழுதின சீட்டு வச்சா வேலை செய்யும், வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஓய்வுநாள் பொறக்குறதுக்குள்ள சீட்ட உருவிட்டா வெறும் பொம்மை. இந்த பாசி மாடலுக்கும் அதே மாதிரி சீட்டுதான் குடுக்குறாங்க, ஆனா உருவினா வேலை மட்டும்தான் நிக்குது, வளர்றது நிக்கல. டப்பா மேல இத பத்தி ஒரு வரி கூட இல்ல.

வேலைய பொறுத்தவரைக்கும் தங்கம். சத்தமே இல்ல, நடந்தா தரை அதிராது. தண்ணி கொண்டாந்து வைன்னா மட்டும் பாதி வழில அதுவே குடிச்சிடும், அதுக்கு நாம என்ன சொல்ல முடியும். தண்ணிய கால்ல ஊத்தாதீங்க, பாசிக்கு வேர் கெடையாது, இலைலதான் உறிஞ்சும், அதனால தலைலேந்து ஸ்ப்ரே பண்ணுங்க, மழைத்தண்ணின்னா ரொம்ப நல்லது. காய விட்டா பழுப்பா சுருங்கி செத்த மாதிரியே நிக்கும், பயப்படாதீங்க, நனைச்சா பச்சை திரும்பி பாதில விட்ட துணிய அதே மடிப்புலேந்து மடிக்க ஆரம்பிக்கும். இது ஒண்ணுக்காகவே வாங்கலாம்.

தலைவலி எங்கன்னா, சீட்ட உருவி மூலைல நிறுத்தி வச்சா தோள் மேல செவப்பா தண்டு தண்டா கெளம்புது, நுனில குட்டி மூட்டை, அது வெடிச்சா வித்துத்தூள். இப்ப பாத்ரூம் ஓரத்துல கட்டைவிரல் சைஸ்ல ஒரு கூட்டமே திரியுது, எதுக்கும் வாய்ல சீட்டு இல்ல, அதனால யாரு சொன்னாலும் கேக்காது, சோப்ப மட்டும் எங்கயோ இழுத்துட்டு போகுதுங்க.

காளான் மாடல் பக்கமே போகாதீங்க, பீரோவ நகர்த்த சொன்னா மரத்த தின்னுடும். கற்பாசி மாடல் பூஞ்சையும் ஆல்காவும் சேந்த கூட்டுக்குடும்பம், ரெண்டும் ஒத்துக்கிட்டாதான் கையே அசையும், அதுவும் வருஷத்துக்கு சில மில்லிமீட்டர்தான் வளரும், விரல் ஒடஞ்சா பேரன் காலத்துலதான் மொளைக்கும்.

மூணரை ஸ்டார். உயிருள்ள பொருளுக்கு ரிட்டர்ன் கெடையாதாம். குட்டி சைஸ்ல சீட்டு தனியா விப்பீங்களான்னு கேட்டு மெயில் போட்டிருக்கேன், இன்னும் பதில் வரல.