கெல்ட் சாமிகள், பாளையங்கோட்டையில் 180 ரூபாய்க்கு

பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கம் ஒரு சந்துக்குள் இருக்கிற பழைய புத்தகக் கடை இது. முன்னால் கைடும் டிஎன்பிஎஸ்சி புத்தகமும்தான் அடுக்கியிருக்கும், அதைப் பார்த்துத் திரும்பிவிடாதீர்கள், பின்சுவரோரம் குனிந்து தேட வேண்டும். நாட்டார் தெய்வங்கள் பற்றி ஏதாவது வந்தால் சொல்லுங்கள் என்று எப்போதோ கேட்டிருந்தேன். போன வாரம் போனதும், "தம்பி, சாமி படம் போட்ட இங்கிலீஷ் புத்தகம் ஒண்ணு வந்துச்சு, உங்களுக்குன்னு எடுத்து வச்சிருக்கேன்" என்று அண்ணாச்சி நீட்டினார். பழங்காலத்தில் ஐரோப்பாவில் வாழ்ந்த கெல்ட் மக்களின் சமயம் பற்றியது. 220 சொன்னார், 180க்குக் கொடுத்தார்.

படங்களுக்காகவே வாங்கலாம். 1891ல் டென்மார்க்கில் ஒரு சதுப்பு நிலத்தில் கிடைத்த குண்டஸ்ட்ரப் வெள்ளிக் கொப்பரையை அங்குலம் அங்குலமாகக் காட்டியிருக்கிறார்கள். மான்கொம்பு முளைத்த ஒருவர் சம்மணம் போட்டு, ஒரு கையில் வளையமும் மறு கையில் ஆட்டுக்கொம்புப் பாம்புமாக, விலங்குகள் சூழ உட்கார்ந்திருக்கிறார். கெர்னுன்னோஸ் என்கிறார்கள். ஆனால் அந்தப் பெயர் கொப்பரையில் இல்லை, பாரிஸ் நோத்ருதாம் தேவாலயத்துக்கு அடியில் 1710ல் கிடைத்த கல்லில், வேறொரு கொம்புச்சாமிக்கு மேல்தான் வெட்டியிருக்கிறது. இதைப் புத்தகம் மறைக்காமல் சொல்வது எனக்குப் பிடித்தது.

கெல்ட் மக்களின் ட்ரூயிட் என்ற பூசாரிகள் பற்றிய பகுதியை இரண்டு முறை படித்தேன். சிலர் 20 வருடம் பாட்டுகளை மனப்பாடம் செய்தார்கள், அதை எழுதிவைப்பது முறையல்ல என்று நினைத்தார்கள் என்று ரோமானியத் தளபதி சீசர் எழுதியிருக்கிறார். அந்தப் பாட்டில் ஒன்றுகூட இன்று நம் கையில் இல்லை. சுடலைமாடன் கொடையில் விடிய விடிய வில்லுப்பாட்டு கேட்டு வளர்ந்த எனக்கு அந்த இடத்தில் மனசு கனத்துவிட்டது.

குறை என்றால், லூக், பிரிஜித் போன்ற அயர்லாந்துச் சாமிகளின் கதைகளைப் பிரான்ஸ் பக்கத்துச் சாமிகளோடு ஒரே குழம்பாகக் கலக்கிவிட்டார்கள், அந்தக் கதைகளைப் பல நூற்றாண்டு கழித்து ஏட்டில் ஏற்றியவர்கள் கிறிஸ்தவத் துறவிகள் என்பது ஒரே வரியில் போய்விடுகிறது. இங்கிலாந்தில் பாத் ஊரின் சுலிஸ் அம்மனிடம், போர்வையையும் காசையும் திருடியவனைத் தண்டித்துவிடு என்று ஈயத் தகட்டில் எழுதி ஊற்றில் போட்டிருக்கிறார்கள், சுமார் 130 தகடுகள் கிடைத்திருக்கின்றன. கோயிலில் காசு வெட்டிப் போடுவது தெரிந்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம்.

அந்தப் பகுதியில்தான் எனக்கு இரண்டு தாள் இல்லை. மறுநாள் போய்க் காட்டினேன், அண்ணாச்சி ஒன்றும் பேசாமல் 50 ரூபாய் திருப்பித் தந்தார். நீங்கள் தாளை எண்ணிவிட்டு வாங்குங்கள். ஞாயிறு மத்தியானத்துக்கு மேல் கடை கிடையாது.